"விசில் ஊதுறவைக்கு ஆதரவா வோட் போட்டவர்" எண்டா என்ன அர்த்தம்?

அமெரிக்காவில இருக்கிற என்ர மச்சான் போன கிழமை வட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பினவன். அவன்ர இடத்து எம்பி, அங்க கொங்கிரஸ்காரர் எண்டு சொல்லுறவை, அந்தாள் என்னென்னத்துக்கு எப்பிடி வோட் போட்டவர் எண்டு ஒரு நீட்டுப் பட்டியல், அதில ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். "2007 மார்ச், விசில்புளோவர்மாரைப் பாதுகாக்கிறது: ஆம்." பின்னால ஒரு வொய்ஸ். "மச்சான் உதென்னடா விசில் ஊதுறவனுக்குப் பாதுகாப்பு, வொலிபோல் ரெஃபரியோ? இந்தாளுக்கு வோட் போடலாமோ?" சிற்றிசன் கிடைச்சு முதல் முதலா அங்க வோட் போடப் போறான், முல்லைத்தீவில இருந்த காலத்தில ஒரு எலக்சனுக்கும் கியூவில நிண்ட ஆள் இல்லை, அது வேற கதை.

ஒரு வொய்ஸில முடிப்பம் எண்டு தொடங்கி ஏழு வொய்ஸ் அனுப்பிப்போட்டன். அதை ஒருக்கா ஒழுங்கா எழுதிப் பாப்பம் எண்டுதான் இது. இஞ்சயும் எலக்சன் வந்தா "நான் ஊழலுக்கு எதிரா வோட் போட்டனான்" எண்டு நோட்டீஸ் வரும்தானே, அதை எப்பிடி வாசிக்கிறதெண்டதுக்கும் இதே கணக்குத்தான்.

முதல்ல அந்தச் சொல்லு. விசில்புளோவர் எண்டா தான் வேலை செய்யிற இடத்துக்குள்ள நடக்கிற களவை, ஊழலை, சனத்தின்ர உயிருக்கு ஆபத்தான பிழையை உள்ளுக்க இருந்து பாத்துப்போட்டு வெளியில சொல்லுற ஆள். உள்ளுக்க இருக்கிற ஆள் எண்டதுதான் இதில முக்கியம். றோட்டால போற நாங்கள் "உந்த றோட்டுக்குப் போட்ட தார் காணாது" எண்டு கத்தினா அது வெறும் முறைப்பாடு. அந்த றோட்டுக்கு எத்தினை பரல் வந்ததெண்டு கொப்பி எழுதின ஆளே வந்து "கொப்பியில இருக்கிறது ஒரு கணக்கு, இறங்கினது வேற கணக்கு" எண்டு சொன்னா அவர் விசில்புளோவர். எங்களை ஒருத்தரும் வேலையால நிப்பாட்டேலாது, அவரை ஏலும், சட்டம் வேணும் எண்டுறது அதாலதான்.

தமிழ்ல இதுக்கு ஊருக்குள்ள புழங்கிற நல்ல சொல்லு ஒண்டு இல்லை. போட்டுக் குடுக்கிறவன், அள்ளி வைக்கிறவன், அதையும் தாண்டி காட்டிக் குடுக்கிறவன். இந்தக் கடைசிச் சொல்லின்ர பாரம் வன்னிக்கு வெளியில இருக்கிறவைக்கு லேசில விளங்காது. முகத்தைச் சாக்கால மூடிக்கொண்டு இருந்து தலையாட்டின ஆக்களைக் கண்ட சனம் இது, "தலையாட்டி" எண்டே அவைக்குப் பேர் வைச்ச சனம். ஆனா அந்தத் தலையாட்டி செய்தது என்ன, துவக்கோட நிக்கிற ஆளுக்கு வெறுங்கையோட நிக்கிற ஆளைக் காட்டினது. விசில் ஊதுறவர் செய்யிறது அப்பிடியே மறுவளம், கதிரையில இருக்கிற ஆளைப் பற்றி கியூவில நிக்கிற சனத்துக்குச் சொல்லுறது. ரெண்டு பேரையும் நாங்கள் ஒரே சொல்லால ஏசிப் பழகிட்டம், அதால நேர்மையான ஒரு கிளாக் வாயைத் திறக்க முதலே பாதி வழியில திரும்பிப் போயிடுறார் எண்டதுதான் என்ர எண்ணம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை, பேர் ஊர் ஒண்டும் வேண்டாம், ஒரு ஒபிசில ஸ்டோர்கீப்பரா இருந்தவர். சீமெந்துப் பை கணக்கு உதைச்சது. மேல ஒரு கடிதம் எழுதினார், தன்ர பேரைப் போட்டு, கையெழுத்தும் வைச்சு. ஒண்டரை மாசத்தில ட்ரான்ஸ்ஃபர், ரெண்டு பஸ் மாறிப் போற இடத்துக்கு, "சேவையின் தேவை கருதி" எண்டு. கடிதத்துக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் சம்பந்தம் இருக்கெண்டு எங்கயும் எழுதேல்ல, எழுதவும் மாட்டினம். விசில்புளோவர் பாதுகாப்புச் சட்டம் எண்டது இந்த இடத்துக்குத்தான் வாறது. சொன்னதுக்காக வேலையால நிப்பாட்டக் கூடாது, தூக்கி எறியக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, அப்பிடிச் செய்தா போய் முறையிட ஒரு இடம் இருக்கோணும், ஆர் சொன்னதெண்டு பேர் வெளியில போகக் கூடாது. நல்ல சட்டமெண்டா இன்னொண்டும் இருக்கும், "இந்த ட்ரான்ஸ்ஃபர் அந்தக் கடிதத்தால இல்லை" எண்டு ஒபிஸ்தான் நிரூபிக்கோணும், ஸ்டோர்கீப்பர் இல்லை.

இப்ப வோட் ரெக்கோர்ட். ஒரு எம்பி பாராளுமன்றத்தில ஒவ்வொரு சட்டமூலத்துக்கும் ஆமெண்டாரோ இல்லையெண்டாரோ வரேல்லையோ எண்ட பதிவு, அவ்வளவுதான். பேச்சு ஆயிரம் பேசலாம், வோட் ஒண்டுதான், அதால இதைப் பாக்கிறது நல்ல பழக்கம். பிரச்சினை என்னெண்டா பட்டியலில ஒரு வரியா வரேக்க எல்லாம் சுருங்கிப் போகுது.

மச்சான் வட்டம் போட்ட வரியையே எடுப்பம். அமெரிக்காவில 1989இலயே அரசாங்க ஊழியருக்கு ஒரு விசில்புளோவர் சட்டம் வந்திட்டுது (அதுக்கு முதல் வருசம் அப்ப ஜனாதிபதியா இருந்த ரீகன் கையெழுத்து வைக்காமல் விட்டு அதைச் சாகடிச்சவர், பிறகு மூத்த புஷ் வந்துதான் வைச்சது). ஆனா போகப் போக கோட்டுத் தீர்ப்புகள் அதைக் கடிச்சுக் கடிச்சு சின்னனாக்கிப் போட்டுது. களவெடுத்த ஆளிட்டயே போய்ச் சொன்னனீங்களோ, அப்ப அது விசில் ஊதினதில்லை, உங்கட வேலையே கணக்குப் பாக்கிறதுதான், அதில கண்டுபிடிச்சனீங்களோ, அதுவும் இல்லை. எங்கட ஸ்டோர்கீப்பர் அண்ணையை நினைச்சுப் பாருங்கோ, அவற்ற வேலையே பை எண்ணுறது.

இந்த ஓட்டையளை அடைக்க 2007இல ஒரு சட்டமூலம் கொண்டு வந்தவை, மார்ச் 14 கீழ்ச்சபையில வோட். ஆம் 331, இல்லை 94. கூட்டினா 425, சபையில மொத்தம் 435 பேர். மிச்சம் பத்து, வராத ஆக்களும் வெறுமையாக் கிடந்த கதிரையும். ஒரு வோட் ரெக்கோர்டைப் பாத்தா நான் முதல்ல செய்யிறது இந்தக் கழித்தல் கணக்கைத்தான், ஏனெண்டா கஷ்டமான வோட் வாற நாளில காய்ச்சல் வாற எம்பிமார் உலகம் முழுக்க இருக்கினம்.

சரி அந்த 94 பேரும் களவுக்கு ஆதரவோ? அப்பிடிச் சொல்லேலாது, இதுதான் நான் மச்சானுக்கு மூண்டு வொய்ஸ் செலவழிச்ச இடம். சட்டமூலம் எண்டது நிவாரணப் பொதி மாதிரி, அரிசி, சீனி, பருப்பு, டின் மீன் எல்லாம் ஒரே பையுக்க கட்டித்தான் வரும், உங்களுக்கு அரிசி மட்டும் வேணுமெண்டா வோட் போடேக்க பிரிச்செடுக்கேலாது. அந்தப் பொதிக்குள்ள சாதாரண அரசாங்க ஊழியர் மட்டுமில்லை, உளவுத்துறை மாதிரி தேசியப் பாதுகாப்பு வேலை செய்யிறவை, அரசாங்கக் கொந்தராத்துக் கொம்பனியளில வேலை செய்யிறவை, எயார்போட்டில பையைச் சோதிக்கிறவை, தங்கட ஆராய்ச்சியில அரசியல் கை வைச்சதெண்டு சொல்லுற விஞ்ஞானியள் எண்டு கனபேர் இருந்தவை. அப்ப ஜனாதிபதியா இருந்த இளைய புஷ்ஷின்ர ஆக்கள் அதில தேசியப் பாதுகாப்புத் துண்டைப் பிடிச்சுக்கொண்டு வீட்டோ செய்வம், அதாவது ஜனாதிபதி கையெழுத்து வைக்காமல் தடுப்பார் எண்டு வெருட்டினவை. ஆக "இல்லை" எண்ட ஒருத்தர் "எனக்கு அந்தத் துண்டுதான் பிரச்சினை" எண்டு சொல்லலாம், அது உண்மையாவும் இருக்கலாம் சாட்டாவும் இருக்கலாம், அந்த நாள் அவர் பேசின பேச்சைப் பாத்தாத்தான் பிடிபடும். தேசியப் பாதுகாப்பு எண்ட சொல்லைக் கேட்டாலே வன்னிச் சனத்துக்கு வயித்தைப் பிசையும், அந்தப் பேரில எங்களிட்ட என்னென்னத்தை மூடினவை எண்டு எங்களுக்குத் தெரியும், அதால நான் நடுநிலையா நிண்டு சொல்லுறன் எண்டு நினைச்சிடாதேங்கோ. ஜனாதிபதியின்ர சொந்தக் கட்சியிலயே தொண்ணூறு பேருக்கு மேல வெருட்டலைக் கணக்கெடுக்காமல் ஆம் போட்டவை. மச்சான்ர ஆளும் அதே கட்சி. அதுக்கு நான் கொஞ்சம் கூட மாக்ஸ் போடுவன், கட்சியோட ஒத்து ஓடுற வோட்டை விட எதிர்த்துப் போட்ட வோட் கனதியானது.

ஆனா, அந்தச் சட்டமூலம் சட்டமாகவே இல்லை. மேல்ச்சபை தன்ர பாட்டில வேறயா ஒண்டை நிறைவேத்த, ரெண்டையும் ஒண்டாக்காமலே அந்தக் கொங்கிரஸின்ர தவணை முடிஞ்சு போச்சு.

பிறகு 2010 டிசம்பர். புதுசா ஒரு சட்டமூலம், மேல்ச்சபையில ஒருத்தரும் எதிர்க்காமல் போச்சுது, கீழ்ச்சபை கொஞ்சம் மாத்தித் திருப்பி அனுப்பிச்சுது, சபை கூடின கடைசி நாள், இன்னொருக்கா மேல்ச்சபை ஓம் எண்டா முடிஞ்சுது. அந்தக் கடைசி நாளில ஒரே ஒரு செனட்டர், அதாவது மேல்ச்சபை உறுப்பினர், மறைஞ்சு நிண்டு நிப்பாட்டிப் போட்டார். எப்பிடியெண்டு கேக்கிறியளோ? கோயில் நிர்வாகக் கூட்டம் தொடங்க முதல் ஒரு பெரியவர் தலைவரின்ர காதுக்க "உந்த விசயத்தை இண்டைக்கு எடுக்காதேங்கோ" எண்டு சொல்லுவாரெல்லோ, கூட்டத்தில அந்த விசயம் வரவே வராது, அறிக்கைப் புத்தகத்திலயும் இருக்காது, அதுதான். எல்லாரும் சம்மதமெண்டா மட்டும் ஓடக்கூடிய குறுக்கு வழி அது, ஒருத்தர் தன்ர கட்சித் தலைவரிட்ட "நான் மாட்டன்" எண்டு சொன்னாக் காணும், பேரும் வெளிய வராது. பிறகு ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்காரர் கேக்கிற ஆக்களைப் பாத்து "உங்கட செனட்டருக்குப் போன் எடுத்து நீங்களோ எண்டு கேளுங்கோ" எண்டு சொல்லி இல்லையெண்டவையைப் பட்டியலில ஒவ்வொருத்தரா வெட்டிக்கொண்டு போனவர், கிட்டத்தட்ட ஊரில கோழிக் கள்ளனைப் பிடிக்கிற மாதிரி. விசில் ஊதுறவனைக் காப்பாத்திற சட்டத்தைப் பேர் சொல்லாத ஒருத்தர் கொன்றது! அடுத்த மாசம், 2011 ஜனவரியில, இப்பிடி ஒளிச்சு நிப்பாட்டிறதை நிப்பாட்டோணும் எண்டு அதே சபையில ஒரு தீர்மானம், 92க்கு 4. அதில எல்லாரும் பேரோட நல்ல பிள்ளையள்.

கடைசியா 2012 நவம்பர் 27 ஒபாமா கையெழுத்து வைச்சுச் சட்டமானது. நான் மேல சொன்ன கோட்டுத் தீர்ப்பு ஓட்டையளை அடைச்ச சட்டம் அதுதான், உளவுத்துறை ஆக்களை வெளியில விட்டுப்போட்டு. அதுக்கு ஆர் ஆர் வோட் போட்டவை? ஒருத்தரின்ர பேரும் இல்லை. ரெண்டு சபையிலயும் மறுப்பில்லாமல், வோட் எடுக்காமலே நிறைவேத்தினவை.

இதைத்தான் மச்சானுக்கு விளங்கப்படுத்தப் பெரிய பாடு. பேர் பதிஞ்ச வோட் இருக்கிற சட்டமூலம் செத்துப்போச்சு, உயிரோட இருக்கிற சட்டத்தில பேர் பதிஞ்ச வோட் இல்லை. அவன்ர எம்பி 2007இல ஆம் போட்டது உண்மை, ஆனா அதால ஒரு ஊழியருக்கும் ஒரு நாளும் ஒரு பாதுகாப்பும் கிடைக்கேல்ல. கிடைச்சது 2012இல, அதில அந்தாள் என்ன செய்தாரெண்டு வோட் பட்டியல் சொல்லாது.

இனி எங்கட பக்கம் வாறன். பொதுநோக்கு மண்டபத்தில கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருப்பியள். தலைவர் "எல்லாருக்கும் சம்மதம்தானே" எண்டு கேப்பார், முன் வரிசையில ரெண்டு பேர் ஓமெண்டுவினம், பின்னுக்கு ஆரோ இருமுவினம், செயலாளர் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" எண்டு எழுதுவார். கொழும்பில 225 பேர் இருக்கிற சபையிலயும் கனக்கச் சட்டம் இப்பிடித்தான் போகுது. சபாநாயகர் கேப்பார், குரல் வரும், ஆராவது எழும்பி வோட் கேட்டாத்தான் பேர் பேராப் பதிவு, கேக்காட்டி வாக்கெடுப்பின்றி நிறைவேறியது எண்டு நியூஸ்.

எங்கட நாட்டில விசில் ஊதுறவைக்கு எண்டு தனிச் சட்டம் இல்லாமல் அங்கொண்டு இஞ்சொண்டாக் கிடந்த பாதுகாப்பில ரெண்டு முக்கியம். ஒண்டு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3இல இருந்து நடைமுறையில. அதின்ர 40ஆம் பிரிவு சொல்லுது, இந்தச் சட்டத்தின் கீழ கேட்டாக் குடுக்கக்கூடிய தகவலை ஒரு அரச ஊழியர் வெளியிட்டா அதுக்காக அவரைத் தண்டிக்கக் கூடாது எண்டு. நல்லது, ஆனா "குடுக்கக்கூடிய தகவல்" எண்ட அந்த வேலிக்குள்ள மட்டும்தான். மற்றது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குத் தகவல் குடுக்கிறவை, சாட்சியள், விசில் ஊதுறவை எல்லாருக்கும் பாதுகாப்பெண்டு அதில தனியா எழுதியிருக்கு. ரெண்டும் பாராளுமன்றத்தில எப்பிடிப் போனது? 2016 ஜூன் 24 ஒண்டு, 2023 ஜூலை 19 மற்றது, ரெண்டும் வோட் எடுக்காமலே. அப்ப அந்த ரெண்டு நாளும் சபையில எம்பியா இருந்த எவரும் வந்து "நான்தான் ஆதரிச்சனான்" எண்டு சொல்லலாம், கன்ரீனில வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரும் சொல்லலாம். பொய்யெண்டும் சொல்லேலாது மெய்யெண்டும் சொல்லேலாது.

அதே நேரம் பேர் பதிஞ்ச வோட்டுகள் வேற பேரில ஒளிஞ்சு கிடக்கும். 2024 ஜனவரி 24 நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம், ஒன்லைனில போடுறதைக் கட்டுப்படுத்திறது, ஆதரவு 108, எதிர் 62. தலைப்பில விசில் எண்ட கதையே இல்லை. ஆனா ஒரு ஒபிசில நடக்கிறதைப் போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடுற ஆளுக்கு எந்தச் சட்டம் முதல்ல நினைவுக்கு வரும் எண்டு நீங்களே சொல்லுங்கோ. பொய்யான கூற்று எண்டு அந்தச் சட்டத்தால அமைக்கிற ஆணைக்குழு முடிவெடுக்கிற அதிகாரம் அதில இருக்கு, எதிர்த்தவை சொன்ன காரணத்தில அதுவும் ஒண்டு. 108உம் 62உம் 170தான், மிச்சம் ஐம்பது சொச்சம் பேர் எங்க எண்ட அதே கழித்தல் கணக்கு இஞ்சயும்.

இன்னொரு வித்தியாசமும் சொல்லோணும், அமெரிக்கக் கணக்கை அப்பிடியே இஞ்ச கொண்டு வந்து ஒட்டேலாது. அங்க கட்சிக்கு எதிரா வோட் போட்டா தலைமை முகத்தைச் சுழிக்கும், ஆனா கதிரை போகாது. இஞ்ச 1978 அரசியல் யாப்பின்ர 99(13)ஆம் உறுப்புரை இருக்கு, கட்சி உங்களை விலக்கினா ஒரு மாசத்தில கதிரையும் போயிடும், உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த விலக்கல் பிழையெண்டு காட்டினாத்தான் தப்பலாம். அதால எங்கட எம்பிமாரின்ர வோட் முக்கால்வாசி கட்சியின்ர வோட். ஆளைத் தனிய எடை போடோணுமெண்டா விவாதத்தில என்ன பேசினவர், சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாப் பாக்கிற குழுநிலையில என்ன திருத்தம் கேட்டவர் எண்டதுதான் உதவும்.

அதுக்கு ஹன்சாட் இருக்கு, சபையில பேசினதை அச்சடிக்கிற பதிவு, பாராளுமன்றத்தின்ர வெப்சைட்டில சும்மா எடுக்கலாம். 2016 ஜூன் 24, 2023 ஜூலை 19 எண்டு நான் சொன்ன ரெண்டு திகதியையும் தேடி எடுத்துப் பாருங்கோ. ஆர் எந்த மொழியில பேசினாரோ அந்த மொழியிலதான் அச்சடிச்சிருக்கும், தமிழ்ல பேசினது தமிழ்ல, சிங்களத்தில பேசினது சிங்களத்தில, அதால வன்னியில இருந்து வாசிக்கிறவைக்கு நடுவில நடுவில பாலமில்லாத ஆறு மாதிரி இருக்கும், சிங்களம் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்தில வைச்சுக்கொள்ளுங்கோ. கிளிநொச்சி ஆக்கள் கவனம், வன்னி எண்டு நாங்கள் சொன்னாலும் உங்கட வோட் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் போறது, வவுனியா மன்னார் முல்லைத்தீவுதான் வன்னி மாவட்டம், ஆறு கதிரை. உங்கட எம்பி எண்டு வேற ஆளின்ர பேச்சை வாசிச்சு மினக்கெடாதேங்கோ, நான் ஒருக்கா மினக்கெட்டனான்.

ஸ்டோர்கீப்பர் அண்ணைக்கும் அந்த 40ஆம் பிரிவைக் காட்டினனான். அவர் கடிதம் எழுதினது 2014, அதால அவருக்கு அது உதவாது. ஆனா அவர் கேட்ட கேள்வி சரியானது, "தம்பி, நான் பத்திரிகைக்குச் சொல்லேல்ல, மேலதிகாரிக்குத்தானே எழுதினனான், அது உதுக்குள்ள வருமோ?" அமெரிக்கக் கோட்டில அடிபட்ட அதே கேள்வி. லஞ்ச ஆணைக்குழுவின்ர 1954 எண்ட போன் நம்பரைக் குடுத்தன், போனில சேவ் பண்ணி வைச்சிருக்கிறார்.

மச்சானுக்கு நான் கடைசியாச் சொன்னது இதுதான், 2007 வோட்டுக்கு நல்ல புள்ளி போடு, ஆனா அந்தாளின்ர ஒபிசுக்கு ஒரு மெயில் போட்டு 2012இல என்ன செய்தனீங்கள், விட்டுப்போன உளவுத்துறை ஊழியருக்கு இப்ப என்ன செய்யப் போறியள் எண்டு கேள். போட்டிருக்கிறான். "உங்கள் கருத்து எமக்கு முக்கியமானது" எண்டு ஓட்டோ ரிப்ளை ஒண்டு வந்திருக்காம், அதுக்கும் சிவப்பு வட்டம் போட்டு எனக்கு அனுப்பினவன்.